மகள் தொடக் கூடாத உடம்பு

இந்த ஊரில் வயதானவர்களின் வீட்டுச் சாவி வாசலுக்கு வெளியே இருக்கிறது. கதவை ஒட்டிய செங்கல் சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை அறைந்திருப்பார்கள். எண்களை அழுத்தினால் வாயைத் திறந்து சாவியைக் கக்கும். ‘கீ சேஃப்’ என்று பெயர். உள்ளே படுத்திருப்பவரின் பிள்ளைகளுக்கே அந்த எண் மறந்திருக்கும், எனக்கு மறக்காது. சுருளிப்பட்டியில் பிறந்து, தமிழ் இலக்கியம் படித்து, நாலைந்து கவிதைகள் அச்சில் வந்த திமிரோடு திரிந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் இங்கிலாந்தின் வடக்குக் கடலோரத்தில் வந்து ஒதுங்கிய நான், காலையில் ஒவ்வொரு வாசலாகப் போய் எண்களை அழுத்துகிறேன். யாரும் கூப்பிடாமல் உள்ளே போகிறேன். திரையை விலக்குகிறேன். போர்வையை விலக்குகிறேன். அந்த உடம்பிலிருந்து நனைந்து கனத்துப்போனதை உரித்தெடுக்கிறேன். இத்தனை சுலபமாக ஒரு வீட்டுக்குள் நுழைய முடிவதும், நுழைந்த பிறகு அங்கே நான் யாருமே இல்லாமல் இருப்பதும் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம். அதற்குள் ஒரு மனிதரை எழுப்பி, துடைத்து, உடுத்தி, மாத்திரையை விழுங்க வைத்து, டீயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஓட வேண்டும். நேரம் மீறினால் போன் துடிக்கும். ஏஜென்சியின் ஆப் என்னை அடுத்த தெருவுக்கு விரட்டும். எங்கள் பக்கத்தில் திராட்சைப் பெட்டியை லாரியில் ஏற்றுகிறவர்கள்கூட, பழம் நசுங்கக் கூடாதே என்று கொஞ்சம் நிதானிப்பார்கள். இங்கே ஆட்கள் நசுங்குவதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. கையுறை போட்டிருக்கிறாயா, தூக்குகிற எந்திரத்தின் பட்டையைச் சரியாக மாட்டினாயா, அது போதும். பாதுகாப்பு என்ற சொல்லை இவர்கள் வேலி என்ற பொருளில்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று பல நாள் எரிச்சலோடு நினைத்திருக்கிறேன்.

ரெஜ் என்று ஒருவர். பழைய கப்பல் பட்டறைத் தொழிலாளி. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. என் அப்பன் வயதுள்ள மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு மறுத்தது, ‘சார்’ என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். “நான் ஒருநாளும் முதலாளியாக இருந்ததில்லை” என்றார். இன்னொரு நாள், உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார் என்றேன். திராட்சை என்றால் அவருக்கு ஒயின்தான். மாளிகையும் நிலவறைப் பீப்பாய்களும் கொண்ட ஒரு பரம்பரையை எனக்குக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக் கிழவியிடம், “இந்தப் பெண் பெரிய இடம், பொழுதுபோகாமல் வேலைக்கு வருகிறாள்” என்று சொல்லியிருக்கிறார். பன்னீர் திராட்சையை மூங்கில் கூடையில் அடுக்கிக் கம்பம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, விலை கேட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த என் அய்யாவை அவருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? நான் திருத்தவில்லை.

நானும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு திசையில். ஊரில் கேட்டால் ‘ஹெல்த் கேர்’ என்பேன். அண்ணன் அதைக் கடைவீதியில் ‘ஆஸ்பத்திரி வேலை’ ஆக்கிவிட்டான். இதை வாசிக்கிற, என்னைப் போலக் கடல் தாண்டி வந்து கிழ உடம்புகளைக் கழுவிக்கொண்டிருக்கிறவர்களே, நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நம்மவர்களுக்குப் பவுண்டு வேண்டும். அந்தப் பவுண்டில் என்ன வாடை அடிக்கிறது என்று தெரியக் கூடாது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. வாரம் தவறாமல் ஏதாவதொரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். கோலூன்றிய ஒரு வெள்ளைக்காரர் தனியாகப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கீழே, ‘அவர்கள் பெற்றோரைக் கைவிடுகிறார்கள், நாம் கையில் வைத்துத் தாங்குகிறோம்’. நானும் அதற்கு ஒரு காலத்தில் பூப் போட்டிருக்கிறேன். இனி போட மாட்டேன். கையில் வைத்துத் தாங்குகிற அந்தக் கைகளை இந்த ஆண்டு சுருளிப்பட்டியில், என் அண்ணன் வீட்டில் பார்த்துவிட்டு வந்தேன்.

அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. புத்தி தெளிவாக இருந்தது, பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. பார்த்துக்கொள்ள தேனியிலிருந்து ஒரு ஏஜென்சி மூலமாக ஆள் போட்டிருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் அய்யா சலவை வேட்டியில், நெற்றியில் திருநீறோடு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருப்பார். கேமராவுக்குத் திருநீறு தெரியும். நாற்றம் தெரியாது. பின்பக்க அறைக் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பவுடருக்கும் ஊதுபத்திக்கும் அடியில் ஒளிந்திருக்கிற அந்த இனிப்பு கலந்த வாடை, இங்கிலாந்தானாலும் கம்பம் பள்ளத்தாக்கானாலும் ஒன்றுதான். எங்கோ சதை அழுகிக்கொண்டிருக்கிறது.

ஏஜென்சி ஆள் முருகேசன் அறை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். போன மாதம் வரை போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

“முதுகுல புண்ணு இருக்கா?” என்றேன்.

“புண்ணெல்லாம் இல்லக்கா. சூட்டுக் கொப்புளம். பவுடர் போட்ருக்கேன்.”

“கடைசியா எப்பப் பெரட்டிப் படுக்க வச்சீங்க?”

“பெரட்டுனா அய்யா வலிக்குதுங்கிறாரு. மனுசன் நிம்மதியாப் படுத்திருக்காருல்ல, என்னத்துக்குப் போட்டுப் பெரட்டிக்கிட்டு?”

புண் வராமலிருக்கக் காற்று நிரப்பும் மெத்தை ஒன்று அண்ணன் வாங்கியிருந்தான். அது காற்றிறக்கிச் சுருட்டிப் பரணில் கிடந்தது. அதன் மோட்டார் சத்தத்தில் அய்யாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். முருகேசனும் அண்ணனுமாகச் சேர்ந்து அவரை ஒருக்களிக்க வைத்தபோது, டயபரின் விளிம்புக்கு மேல், முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு கொய்யாப்பழ அளவுக்குப் புண் கறுத்துச் சிவந்து வாய் பிளந்திருந்தது. அதன்மேல் பவுடர் சோறு மாதிரி கட்டிதட்டிப் போயிருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கே கம்பத்திலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தோம். அவர் மருந்தெழுதிக் கொடுத்துவிட்டு, “மருந்து பாதிதான். தெனமும் சுத்தமாக் கழுவணும், ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பணும். இல்லாட்டி விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்பறம் என்னைக் கூப்பிட்டுப் புண்ணியம் இல்ல” என்று சொல்லிப் போனார்.

முருகேசனைப் போகச் சொன்னேன். அதில்தான் எனக்கும் மதினிக்கும் சண்டை மூண்டது. மதினி செல்வி கெட்டவள் இல்லை. கஞ்சி காய்ச்சி வடிகட்டி, வேளாவேளைக்கு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறவள் அவள்தான். அழுக்கு வேட்டிகளைத் துவைத்தே அவள் கைகள் வெந்திருந்தன. ஆனால் மாமனார் படுத்திருக்கும் அறை வாசலைத் தாண்டி அவள் வர மாட்டாள்.

“ஏத்தா, ஆளை அனுப்பிட்டியே, நாளைக்கு யாரு பாப்பா?” என்றாள். “ஒங்க அண்ணன் தோட்டத்துக்குப் போகணும். நான் மருமக, மாமனார் ஒடம்பத் தொட முடியுமா?”

“நான் பாக்கிறேன் மதினி.”

“நீயா?” அவள் சிரிக்கவில்லை. “நீ ஒரு மாசம் இருந்து கொறை சொல்லிட்டுப் பிளேன் ஏறிருவ. இந்த நாத்தத்துல சோறு திங்கிறது நாங்கதான். சொல்றதுக்கு வாயி இருக்குல்ல, சொல்லு.”

மறுநாள் காலையில் வெந்நீரும் துண்டுகளும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். இங்கிலாந்தில் அன்றாடம் அறிமுகமில்லாத ஆண்களுக்குச் செய்வதைத்தான் செய்யப்போனேன். வேட்டி முடிச்சில் கை வைத்ததும், அய்யாவின் வேலை செய்கிற அந்த இடது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நோயாளிக்கு இருக்க முடியாத பலம்.

“வேணாந்தா. நீ வெளிய போ.”

“அய்யா, புண்ணைக் கழுவணும்யா. நான் அங்கன தெனமும் இதத்தான செய்யிறேன்.”

“அங்கன செய். இங்கன நீ எம் மக.” அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. “பாண்டி! ஏலே பாண்டி! இவளைக் கூப்பிட்டுக்கிட்டுப் போ.”

அண்ணன் ஓடிவந்தான். தண்ணீர் வாளியைப் பார்த்தான், கலைந்திருந்த வேட்டியைப் பார்த்தான். “ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வயசுக்கு வந்த பொம்பள அப்பனைக் குளிப்பாட்டுனாள்னு வெளிய தெரிஞ்சா நான் எப்படித் தலை நிமுந்து நடக்கிறது? நான் செத்தாபோயிட்டேன்?” என்றான். செத்துப்போகவில்லை. அன்று அவன்தான் குளிப்பாட்டினான். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற அவசரத்தில் வந்து, அறையை ஒட்டிய கல் தளத்தில் அய்யாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஹோஸ் குழாயால் பீய்ச்சிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டுதான் பீய்ச்சினான். துடைக்காமலே தூக்கிப் படுக்கையில் போட்டான். புண்ணுக்குள் ஈரம் தங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது.

இருந்த ஆளையும் அனுப்பிவிட்ட என் மேல்தான் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அய்யா மேல்தான் கோபம். நான் பெரிய மனுஷியான வருஷத்திலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை. அதற்கு முந்தின வருஷம் வரை குமுளிக்குத் திராட்சை ஏற்றிப் போகிற லாரியில் என்னை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதை வளைவுகளில் என் வயிற்றைக் கையால் அணைத்திருப்பார். அங்கே மலையாள வியாபாரிகளிடம் தழைந்தும் குழைந்தும் அவர் பேரம் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்கு அந்த மொழி வந்தது. பிறகு ஒருநாள் சடங்கு, பந்தல், புதுப்பட்டு. அதன்பின் பேனா கொடுத்தாலும், பழம் கொடுத்தாலும், கையில் தர மாட்டார். பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பியபோது அவர் கை என் தலைவரை வந்து, காற்றைத் தடவிவிட்டுத் திரும்பியது. இதை எங்கள் பக்கத்தில் மரியாதை என்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த மரியாதை இப்போது அவர் முதுகில் வாய் பிளந்து கிடந்தது.

காய்ச்சல் செய்தி கேட்டு, கடமலைக்குண்டிலிருந்து அத்தை வந்தாள், அய்யாவின் கூடப்பிறந்த தங்கை. வந்ததும் அண்ணன் தலையைத் தடவி, அய்யா காலைத் தொட்டு அழுதாள். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: “எதுக்கு இப்படிப் போட்டு இழுத்தடிக்கிறீக? அண்ணே ராசா மாதிரி வாழ்ந்த மனுசன். வெள்ளிக்கெழம வெள்ளென, தலை நிறைய நல்லெண்ணெயை வச்சு, குளுரக் குளுர ஊத்திவிடுங்க. எளநி ரெண்டு குடுங்க. தன்னால அடங்கிரும். மானத்தோட போகட்டும்.”

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெற்குப் பக்கத்தில் சில குடும்பங்களில் முணுமுணுப்பாகப் புழங்குகிற வழி அது. படுக்கையில் விழுந்து எழாதவருக்கு எண்ணெய் முழுக்கு. பச்சைத் தண்ணீர். இளநீர். உடம்பு குளிர்ந்து, ஜன்னி கண்டு, ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். கொலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குளிப்பாட்டினோம் என்பார்கள். ஒரு மனிதரைச் சாகாமல் இருக்கக் குளிப்பாட்ட ஆளில்லாத வீட்டில், சாகக் குளிப்பாட்ட மட்டும் எல்லாக் கைகளும் கூடிவிடும்.

அத்தை பேசியதைவிட என்னைப் பயமுறுத்தியது அண்ணன்தான். அவன் ‘சீ’ என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொல்லச் சொல்றீகளா அத்தை?” என்றேன்.

 அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

“ஏண்டி, எங்கண்ணனை நான் கொல்லுவேனா?” அத்தை எழுந்துவிட்டாள். “அது படுற பாட்டைப் பாத்து வயிறெரிஞ்சு சொல்றேன். அவ்வளவு பாசம் இருந்தா நீ கூப்பிட்டுக்கிட்டுப் போயேன் லண்டனுக்கு!”

“அதுக்கு விசா தர மாட்டாக அத்தை.”

“ஊரான் அப்பனுக்குக் குண்டி கழுவ ஒனக்கு விசா குடுப்பானாம், பெத்த அப்பனைக் கூப்பிட்டுப் போகக் குடுக்க மாட்டானாம். நல்லாருக்குடி ஒங்க நாயம்! அந்த ஊருல இருந்துக்கிட்டுத்தான் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தியாக்கும்.”

  அந்த விசா சட்டத்தை எழுதியவர்களையும் அத்தையையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் சண்டையே வராது என்று தோன்றியது. ரெண்டு பேருக்குமே என் அய்யா ஒரு தொந்தரவு.

வெள்ளிக்கிழமைக்கு நாள் அதிகம் இல்லை. அன்று சாயங்காலம் துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் என் வேலைச் சட்டை கிடந்தது. நீல நிறம், பக்கவாட்டில் பெரிய பைகள். கடைசி ஷிப்ட் முடிந்து நேரே விமான நிலையம் போனதால், துவைக்காமல் சுருட்டி வைத்திருந்தேன். எடுத்துப் பிரித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. கம்பத்திலும் தேனியிலும் வசதியான வீடுகளில் கேரளாவிலிருந்து ‘ஹோம் நர்ஸ்’ வருவார்கள். பெரிய மீசை வைத்த கிழவர்களையெல்லாம் அவர்கள் கழுவித் துடைத்துப் பவுடர் போடுவார்கள். மீசைக்கு ஒரு குறையும் வராது. ஏனென்றால் அவர்கள் யாருக்கும் மகள் இல்லை.

அந்தச் சட்டையை அன்றிரவே துவைத்து உலர்த்தி, மறுநாள் காலையில் மாட்டிக்கொண்டேன். கொண்டையை இறுக்கி முடிந்தேன். முகக்கவசம் போட்டேன், கையுறை போட்டேன். பொட்டை எடுத்துவிட்டேன். வாளியோடு அறை வாசலில் நின்று, என் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, குமுளிச் சந்தையில் கேட்டுப் பழகிய, இங்கிலாந்தில் என்னோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண்களிடம் மெருகேற்றிய அந்த மொழியில் சொன்னேன்: “அப்பச்சா, ஞான் புதிய நர்ஸாணு. ஒண்ணு சரிஞ்ஞு கிடக்காமோ?” புது நர்ஸ் வந்திருக்கிறேன், கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கிறீர்களா என்று அதற்குப் பொருள்.

அய்யா என்னைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற கண்களை, அவர் கொடுத்த கண்களை, வெகுநேரம் பார்த்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.  அவர் இன்னொருமுறை ‘பாண்டி’ என்று கத்தினால், வெள்ளிக்கிழமை எண்ணெய்தான்.

“எந்தா பேரு?” என்றார் அய்யா.

“ஆன்சி.”

“வரூ, சிஸ்டரே” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து, தானாகவே ஒருக்களிக்க முயன்றார்.

முதன்முதலாக என் அய்யாவின் உடம்பை முழுதாகப் பார்த்தேன். விலா எலும்புகள் மேல் தோல் துணி மாதிரி கிடந்தது. திராட்சைப் பந்தல் கால் சுமந்து காய்த்த தோள், ஒரு பக்கம் மட்டும் இன்னும் திரட்சியாக. நானறியாத ஒரு தழும்பு இடுப்பில். எங்கே பட்டது என்று ஒரு நர்ஸ் கேட்க முடியாது. அரைஞாண் கயிறு புண்ணில் உரசிக்கொண்டிருந்தது. வெட்டட்டுமா என்று கேட்டேன், மலையாளத்தில். யோசித்துத் தலையசைத்தார். உப்புநீரால் கழுவினேன். கட்டிப்போன பவுடரை நனைத்து நனைத்து எடுத்தேன். “வேதனை உண்டோ?” என்பேன். “இல்லா” என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. தமிழில் அவர் ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்பனும் மகளும் பேசாத மொழி ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அதன் பின்னால் நின்றோம்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். “இது என்ன கூத்து?” என்றான் என்னைப் பார்த்து.

நான் வாய் திறப்பதற்குள், அவனுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. “சும்மா வாங்க இங்கிட்டு. சிஸ்டரு வேலை பாக்கட்டும்.” பிறகு வாசலைத் தாண்டாமல் கையை மட்டும் உள்ளே நீட்டி, காய்ச்சி ஆற வைத்த துணிகளைக் கொடுத்தாள். “சிஸ்டரு, வேற எதுவும் வேணும்னா சொல்லுங்க” என்றாள். அவள் கண்ணில் கிண்டல் இருந்தது, கொஞ்சம் ஈரமும் இருந்தது. பரணிலிருந்து மெத்தையை அவளே இறக்கி, மோட்டாரை மாட்டச் சொல்லி அண்ணனை விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை அத்தை எண்ணெய் பாட்டிலோடுதான் வந்தாள். மதினி அவளைக் கூடத்திலேயே மடக்கினாள். “மாமாவுக்கு மலையாளத்து நர்ஸ் போட்ருக்கு சித்தி. புண்ணு ஆறுது. எண்ணெ, தண்ணி எதுவும் படக் கூடாதாம்.” அத்தை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நீலச் சட்டையில் நின்ற என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். தன் கையால் எனக்குக் காது குத்தியவளுக்குத் தெரியாமலா இருக்கும்? “நல்லாப் பாத்துக்கம்மா” என்று மூன்றாம் ஆளிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, பாட்டிலை அடுப்படியில் வைத்துப் போனாள். மதினி அதில் வடை சுட்டாள்.

இப்படித்தான் ஒரு ஊரே சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தியது. பக்கத்து வீட்டார் ‘எந்த ஏஜென்சி’ என்று விசாரித்தார்கள். அண்ணன் வாய் கூசாமல் கோட்டயம் என்றான். அவன் தலை நிமிர்ந்துவிட்டது. எனக்குத்தான் விலை அதிகம். சேலை கட்டிக்கொண்டு மகளாக ஒரு சாயங்காலம் அய்யா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழும் வரை திறக்கவில்லை. புரிந்தது. இரண்டு பேரில் ஒருத்திதான் அந்த அறைக்குள் வரலாம். மகள் வந்தால் அவள் பார்த்ததெல்லாம் உண்மையாகிவிடும். அன்றிலிருந்து பகல் முழுக்க நீலச் சட்டைதான். என் அய்யாவோடு இருப்பதற்கு நான் அவருக்கு மகளாக இல்லாமல் போக வேண்டியிருந்தது. நர்ஸிடம் அவர் தாராளமாகப் பேசினார். நகம் வெட்டுகையில், கோட்டயம் சந்தையில் தன்னை ஏமாற்றியவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. ஆன்சி என்ற அந்தப் பொம்பளை மேல் எனக்குப் பொறாமை வந்தது. வெறுப்பு என்றே சொல்லலாம்.

காய்ச்சல் விட்டது. புண்ணின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகி உள்நோக்கி நகர்ந்தன. விடுமுறை தீர்வதற்குள், கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண்ணின் உறவில் நிஜமான ஹோம் நர்ஸ் ஒருத்தி கிடைத்தாள். அவளுக்குப் புரட்டுவதையும் கழுவுவதையும் காட்டிக்கொடுத்தேன். கிளம்புகிற அன்று, ஒரு துணிச்சலில், சேலையோடு அய்யா காலடியில் நின்றேன். கண்ணை மூடியபடியே இருந்தார். கையை நீட்டவில்லை. “சூக்ஷிச்சுப் போகணம், சிஸ்டரே” என்றார், பத்திரமாகப் போகச் சொல்லி.

திரும்பி வந்து வாரங்கள் ஆகின்றன. நேற்று மழை. இரண்டு வீடுகளுக்கு நடுவே காரை ஓரம் கட்டியிருந்தபோது அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு. புண் மூடிவிட்டதாம், டாக்டர் பார்த்துவிட்டாராம். சொல்லிவிட்டு, “அய்யா பேசணுங்கிறாரு” என்று போனை அவர் காதில் வைத்தான்.

“ஆத்தா” என்றார் அய்யா. தமிழில். அந்தச் சொல்லுக்காக ஒரு மாதம் அந்த அறையில் காத்திருந்திருக்கிறேன். “நல்லாருக்கியாத்தா? அங்கன மழையா?”

“ஆமாய்யா. நீங்க எப்படி இருக்கீக?”

“எனக்கென்ன. முதுகெல்லாம் ஆறிப்போச்சு. ஒரு சிஸ்டரு வந்திருந்தாக, மலையாளத்துக்காரவுக. பெத்த மககூட அப்படிப் பாக்க மாட்டாத்தா. நீ வந்திருந்தீன்னா பாத்திருப்ப.”

வைப்பர் ஒருதரம் போய்வந்தது. போன் அடுத்த வீட்டுக்குத் துடித்தது. அதை அமுக்கினேன்.

“அந்த சிஸ்டர் இப்ப எங்கய்யா?”

அவருக்குப் பின்னால் மெத்தையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அவுக ஊருக்குப் போயிட்டாகத்தா” என்றார். பிறகு, “நீ எப்ப வர்ற?” என்றார்.